நேற்று மதியம் பிறந்த பெட்டிகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. அன்றைக்கு அந்தக் கோபத்தில்தான், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் ஆபீசில் எல்லோர் முன்னாலும், "நம்ம பெட்டி ஒண்ணாவது பண்ணையில நின்னு போறத நான் காட்டுறேன் சார். காட்டலன்னா வேலைய விட்டே போறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். முதலாளி பிரான்சிஸ் சார் நிதானமாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா நிகத். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த வித்யா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். இழுத்து என்ன பிரயோஜனம், வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

நாங்கள் செய்வது கோழிப்பண்ணைக்கான பெட்டி. நாமக்கல் பக்கம் இப்போது கட்டுகிற மூடிய ஷெட்டுகளுக்கு ஜன்னல் கிடையாது. ஒரு முனையில் தண்ணீர் வழிகிற அட்டைச் சுவர், மறுமுனையில் ஆள் உயர ஃபேன்கள். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து, எத்தனை ஃபேன் ஓடவேண்டும் என்று முடிவு செய்வது எங்கள் பெட்டி. சித்திரை வெயிலில் அது வேலை செய்யாமல் போனால், மதியச் சாப்பாட்டுக்குப் போன ஆள் திரும்பி வருவதற்குள் ஷெட்டே காலியாகிவிடும். கோழி என்றால் பத்து இருபது இல்லை, ஆயிரக்கணக்கில்.

அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற கெர்னலை பிரான்சிஸ் சார் தன் கையாலேயே எழுதினார். கெர்னல் என்பது எல்லா நிரலுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிற நிரல். ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய நினைவகம், டைமர் எல்லாவற்றையும் அதுதான் எடுத்துக் கொடுக்கும், வேலை முடிந்ததும் வாங்கி வைக்கும். எங்கள் பள்ளிவாசலின் பாத்திர ரூமில் தமீம் மாமா பார்க்கிற அதே உத்தியோகம். கல்யாண வீட்டுக்கு தேக்சா கொடுப்பார், கரண்டி கொடுப்பார், திரும்ப வரும்போது வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு கரண்டி குறைந்தாலும் மாப்பிள்ளையையே நிறுத்தி வைத்துவிடுவார்.

பிரான்சிஸ் சாரின் கெர்னலில் தமீம் மாமா இல்லை. எல்லோரும் ஒழுங்காகத் திருப்பி வைப்பார்கள் என்று நம்பி வாசலைத் திறந்து போட்டிருந்தார். ஒரு வேலை தான் எடுத்த டைமரைத் திருப்பி வைக்காமலே முடிந்துபோனால், அந்த டைமர் யாருக்கும் உதவாமல் ஒரு மூலையில் கிடக்கும். இப்படி ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் கெர்னல் கையை விரித்துவிடும். இதைத்தான் நாங்கள் ஒழுக்கு என்போம். நான் வேலைக்குச் சேர்ந்து உருப்படியாகச் செய்த முதல் காரியம், அந்த வாசலில் ஓர் ஆளை நிறுத்தியதுதான். ஒவ்வொரு வேலை முடியும்போதும் கெர்னல் நின்று, எடுத்ததெல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கும். வரவில்லை என்றால், எது வரவில்லை, எந்த வரியில் எடுத்தது என்று திரையில் காட்டி பீப் அடிக்கும். இதற்கு செக் என்று பெயர் வைத்தேன்.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது அது அடித்த பீப்பில், கீழ்த்தளத்துப் பல் டாக்டர் கையில் ஊசியோடு மேலே ஏறி வந்துவிட்டார். ஃபேன் மாறும்போதெல்லாம் ஒரு டைமர் காணாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இடுக்கில் ஒளிந்திருந்த எலி வாலைப் பிடித்துவிட்ட சந்தோஷம்.

பிரான்சிஸ் சாருக்குத்தான் முகம் போன போக்கு சரியில்லை. "உன் செக்தான் தப்பா சொல்லுது" என்றார். என் மேஜையில் ஒரு பெட்டியை அணைக்காமல் ஓடவிட்டேன். இரண்டு வாரம் முடியுமுன் அது உறைந்து நின்றது. "உன் மேஜைக்கு வர்ற கரண்டு சரியில்லம்மா. மூணு வருசமா பண்ணையில ஓடுது. ஒரு பெட்டி நின்னுச்சுன்னு ஒரு போன் வந்திருக்கா? நான் சர்வீசுக்கே போனதில்ல" என்றார். வாஸ்தவம்தான். ஒரு போன்கூட வந்ததில்லை. அதுதான் எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

இதில் அவசரம் வேறு. வெண்ணந்தூர் தாண்டி சாரதாமணி அம்மாவின் பண்ணையில் புதுசாக ஷெட்டுகள் எழும்பியிருந்தன. அதற்கு எங்கள் புது மாடல் பெட்டி. புது மாடலுக்குள் பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் சரி, சுவிட்சைத் தட்டினாலும் சரி, கெர்னல் தூங்காது. "இத அணைக்கவே முடியாது" என்று சார் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மேஜையில் உறைந்து நின்ற பெட்டியைத்தான் நான் திரும்பிப் பார்ப்பேன். என் செக்கை எடுத்துவிட்டுத்தான் புதுப் பெட்டிகளை அனுப்ப வேண்டும், கஸ்டமர் முன்னால் அது கத்தக் கூடாது என்று அவர் சொன்னபோதுதான் நான் அந்தச் சவாலை விட்டேன்.

சேலத்தில் கெர்னல் எழுதுகிற வேலை இன்னொன்று எனக்குக் கிடைக்காது. இதை விட்டால் பெங்களூர் பஸ்தான். எனக்கு இந்த வேலை உயிர். காலையில் ஆபீஸ் படிக்கட்டை நான் நடந்து ஏறியதே இல்லை, ஓடித்தான் ஏறுவேன். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவிடம் சவாலைப் பற்றிச் சொன்னதும், "கோவத்துல பேசுனது நீ, பெங்களூர்ல தனியா சோறாக்கப் போறதும் நீதான்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை சாரின் காரில் வெண்ணந்தூருக்குக் கிளம்பினோம். புதுப் பெட்டிகளைச் சுவரில் மாட்டியாகிவிட்டது, ஓட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் பழைய ஷெட்டுகளில் இருக்கும் பெட்டிகளை நான் சோதிக்கலாம் என்று சார் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். வண்டி கண்ணாடியில் ஜெபமாலை ஆடிக்கொண்டே வந்தது.

சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தினமும் நண்பகல் பன்னிரண்டுக்கு அவருடைய போனில் கோயில் மணி அடிக்கும். எங்கே இருந்தாலும் எழுந்து நின்று, கண்ணை மூடி, மூவேளைச் செபத்தை வாய்க்குள்ளேயே சொல்வார். முடிகிற வரைக்கும் உலகமே இடிந்து விழுந்தாலும் கண் திறக்க மாட்டார். வித்யா ஒரு தரம் அந்த நேரம் பார்த்து அவர் தட்டில் இருந்த வடையை எடுத்துத் தின்று, வாயையும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சார் கண் திறந்து காலித் தட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வடையைத் தானே தின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார் என்று நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

பண்ணை வாசலில் சாரதாமணி அம்மா ஸ்கூட்டியோடு நின்றிருந்தார். அந்தப் பண்ணை முழுக்க அவர் ராஜ்ஜியம், ஷெட்டுக்கு ஷெட் ஸ்கூட்டியிலேயே போவார். "வாங்க சாமி. மொதல்ல ஊட்டுக்கு வந்து மோரு குடிச்சிட்டுப் போலாமுங்க" என்றார். வேலை முடியட்டும் என்றோம். மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு முதல் ஷெட்டுக்குள் போனோம். உள்ளே ஃபேன் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. இரண்டு பக்கமும் கூண்டு கூண்டாகக் கோழிகள், எல்லாம் தலையை நீட்டி என்னையே பார்த்தன.

பெட்டியில் லேப்டாப்பைச் செருகினேன். மூன்று வருஷமாக ஓடுகிற பெட்டி. என் கணக்குப்படி டைமர் எல்லாம் காலியாகி, எப்போதோ நின்றுபோயிருக்க வேண்டும். திரையைப் பார்த்தேன். கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"என்னம்மா?" என்றார் சார், காதோடு காதாக. குரலில் சிரிப்பு.

அடுத்த ஷெட்டுக்கு ஓடினேன். அங்கும் அப்படியே. அதற்கடுத்த ஷெட்டிலும் அப்படியே. அப்புறம்தான் பெட்டி எப்போதிலிருந்து ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றியது. பார்த்தால், முதல் பெட்டி நேற்று மதியம் பன்னிரண்டுக்குப் பிறந்திருக்கிறது, அதாவது அணைந்து மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. இரண்டாவது அதற்குச் சில நிமிஷம் கழித்து. மூன்றாவது இன்னும் கொஞ்சம் கழித்து.

"நேத்து மத்தியானம் கரண்ட் போச்சுங்களா?" என்று சாரதாமணி அம்மாவிடம் கேட்டேன்.

"நேத்தா? இல்லீங்களே சாமி. ஊட்டுல நாள் முழுக்க மிக்சி ஓடிட்டு இருந்துச்சுங்க."

"யாராச்சும் பெட்டிய அணைச்சாங்களா?"

"அத ஏனுங்க அணைக்கப் போறாங்க? எம்புட்டு கோழிங்க உள்ள இருக்குது."

சார் என் தோளுக்கு அருகே குனிந்தார். "நிகத், பெட்டி சுத்தமா இருக்கு. ஒத்துக்கறதுல ஒண்ணும் கேவலம் இல்ல" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கோழிகளுக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, முதல் ஷெட்டில் விட்டுவந்த என் பையை எடுக்கத் திரும்ப நடந்தேன். சாரும் பின்னாலேயே வந்தார். பையைத் தோளில் மாட்டினேன். அவர் சட்டைப் பையில் கோயில் மணி அடித்தது. கூண்டுகளுக்கு நடுவில் அப்படியே நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் கோடியிலிருந்து அமுதவல்லி அக்கா வந்தாள். பழைய ஷெட்டுகளின் பொறுப்பெல்லாம் அவளுடையது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். வந்தவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பெட்டி முன்னால் நேராக நின்று, சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. அந்தப் பெரிய ஷெட்டில் திடீரென்று சத்தமே இல்லை. கோழிகள்கூட என்னவோ நடக்கிறது என்று கழுத்தை நீட்டின. முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அப்பாடா என்று தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். அமுதவல்லி அக்கா கண்ணை மூடினாள். உதடு லேசாக அசைந்தது. பிறகு வலது கையால் நெற்றியைத் தொட்டாள், நெஞ்சைத் தொட்டாள், இடது தோளைத் தொட்டாள், வலது தோளைத் தொட்டாள். சுவிட்சைப் போட்டாள். ஃபேன்கள் ஓடத் தொடங்கின. அவள் பாட்டுக்கு அடுத்த ஷெட்டைப் பார்த்து நடந்தாள்.

சாரின் புருவம் மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. கண் திறக்கவில்லை. செபம் முடிந்த அடுத்த விநாடி, "என்ன பண்ணித் தொலைச்ச? ஃபேன் ஏன் நின்னுச்சு?" என்று என்னிடம் பாய்ந்தார்.

"நான் ஒண்ணுமே பண்ணல சார். வாங்க, சீக்கிரம் வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினேன். முதலாளியின் கையைப் பிடித்து இழுப்பது மரியாதை இல்லை என்பதெல்லாம் அப்போது எனக்கு ஞாபகமில்லை. அடுத்த ஷெட்டில் அமுதவல்லி அக்கா அதையே திரும்பச் செய்துகொண்டிருந்தாள். சுவிட்ச், கண், நெற்றி, நெஞ்சு, தோள், தோள், சுவிட்ச். இந்த முறை சார் இரண்டு கண்ணாலும் பார்த்தார். அவர் வாய் பிளந்தது பிளந்தபடி நின்றது.

"ஏம்மா... நீங்க இப்ப என்ன பண்ணீங்க?" என்றார்.

"மத்தியான ஓய்வு குடுத்தனுங்க" என்றாள் அவள். "தெனமும் பண்றதுதானுங்க. ஏனுங்க, இன்னிக்கு நேரமாயிருச்சுங்களா?"

"யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?"

"நீங்கதானுங்களே." அவளுக்கு ஆச்சரியம். "பெட்டி மாட்டுன அன்னிக்கு, நான் பண்றதப் பாத்துக்கங்க, அப்படியே பண்ணுங்கன்னு சொன்னீங்க. நானும் வெச்ச கண்ணு வாங்காம பாத்துட்டே இருந்தனுங்க. பன்னெண்டு மணிக்கு ஒரு மணிச்சத்தம் கேட்டுச்சு. நீங்க பெட்டிய அணைச்சீங்க, கண்ண மூடுனீங்க, இப்படி இப்படித் தொட்டீங்க, அப்பறம் போட்டீங்க. அன்னியிலிருந்து ஒரு நாளு தப்பலீங்க. லீவு போட்டாக்கூட வேற ஆளுகிட்ட சொல்லிட்டுத்தானுங்க போவேன்."

"அது..." சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அது பெட்டி பீப் அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. செபம் சொல்லத் தொந்தரவா இருக்குன்னு அணைச்சேன்."

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? மந்திரத்த மட்டும் நீங்க வாய்க்குள்ளயே சொல்லிட்டீங்க. அதனால அந்த எடத்துல நான் எங்க மாரியாத்தாள நெனச்சுக்குவனுங்க."

நான் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் தலைத்துணி கழன்று கழுத்துக்கு வந்துவிட்டது. என் மேஜைப் பெட்டி நிற்க இரண்டு வாரம் ஆகும். இங்கே தினமும் நண்பகலில் அமுதவல்லி அக்கா அணைத்துப் போட்டுவிடுகிறாள். அணைத்துப் போட்டால் காணாமல் போன டைமர் எல்லாம் திரும்ப வந்துவிடும். ஒழுக்கு தினமும் புதிதாகத் தொடங்கும், தினமும் மதியம் அடைபடும். ஒரு பெட்டியும் நிற்காததற்கு இதுதான் காரணம்.

"மத்த பண்ணையிலயும் இப்படித்தானா அக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. புதுசா பெட்டி மாட்டறவிங்க எல்லாரும் எங்கிட்டத்தானுங்க பழக வருவாங்க. எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்திருக்கறனுங்க. ஒருத்தரு இடது தோளுக்கு முன்னாடி வலது தோளத் தொட்டாரு, திருத்தி விட்டுட்டனுங்க."

நாமக்கல், ராசிபுரம் பக்கம் எத்தனை ஷெட்டுகளில் அந்த நேரத்தில் ஃபேன் நின்று, எத்தனை பேர் சிலுவை போட்டுக்கொண்டு மாரியாத்தாளையும் முருகனையும் கும்பிட்டார்களோ. சார் சுவரில் சாய்ந்துகொண்டார். சாரதாமணி அம்மா, "நல்ல பழக்கந்தானுங்க. நாங்கூட அந்த நேரம் ஸ்கூட்டிய நிறுத்திக்குவேன்" என்றார். யாராவது அணைத்தார்களா என்று நான் கேட்டபோது, அணைப்பதையும் ஓய்வு கொடுப்பதையும் அவர் ஒன்றாக நினைக்கவே இல்லை.

அமுதவல்லி அக்கா மட்டும் கவலையாகப் புது ஷெட் பக்கம் கை காட்டினாள். "ஆனா சாமி, அந்தப் புதுப் பெட்டிய நேத்து ஒரு தரம் ஓட்டிப் பாத்தப்ப, சுவிச்ச அமுக்கினா நிக்கவே மாட்டேங்குதுங்க. அதுக்கு எப்படிங்க ஓய்வு குடுக்கறது?"

என் சிரிப்பு நின்றது. சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேட்டரி. புதுப் பெட்டியை யாராலும் அணைக்க முடியாது. ஒழுக்கு அடைபடாது. இரண்டு வாரத்தில், நல்ல வெயிலில், அத்தனை ஷெட்டிலும் பெட்டி உறைந்துபோகும்.

சார் சாரதாமணி அம்மாவிடம், "புதுப் பெட்டி கொஞ்ச நாள் பொறுத்து ஓட்டலாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் மோர் குடித்தார்.

காரில் ஏறியதும் நான் கேட்டேன். "அப்ப நான் ஜெயிச்சுட்டேன்தானே சார்?"

"ஒரு பெட்டியும் நிக்கலையேம்மா" என்றார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "நின்னு போறத காட்டுறேன்னுதான நீ சொன்ன?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜெபமாலையே அறுந்து விழுந்திருக்க வேண்டும். வண்டியைத் திருப்பச் சொன்னேன். "திருப்புங்க சார். இப்பவே காட்டுறேன்." அவர் திருப்பினார். அதில்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை, அவ்வளவு கோபம். சாரதாமணி அம்மாவிடம் காலி ஷெட் ஒன்று இருந்தது. கிழக் கோழிகளை விற்றுவிட்டுக் கழுவிப் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு குஞ்சுகூட இல்லை. அந்த ஷெட்டின் பெட்டியை மட்டும் மதியம் அணைக்காமல் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வெயில் ஏற ஏற ஃபேன் மாறும், டைமர் குறையும், பெட்டி நிற்கும்.

"ஓய்வு குடுக்காம விட்டா பெட்டிக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களே" என்றாள் அமுதவல்லி அக்கா.

"ஆகணும்னுதான் அக்கா. தொடவே தொடாதீங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பிள்ளைக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று எழுதியிருந்தது. திரும்பும்போது மல்லூரில் சார் வண்டியை நிறுத்தி இறங்கினார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நான் இறங்கவே இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு தினமும் மதியம் அமுதவல்லி அக்காவிடமிருந்து எனக்கு ஒரு போன் வரும். "இன்னும் உசுரோடதான் இருக்குதுங்க சாமி." நான் காலண்டரில் இன்னொரு நாளை அடிப்பேன். ராத்திரி சாப்பாட்டில் அத்தா, "இன்னும் சாகலையா?" என்று விசாரிப்பார். பெட்டி நிற்க வேண்டும் என்று அல்லாவிடம் துஆ கேட்கும்படி அம்மாவிடம் சொன்னேன். "ஒரு சாமான் நாசமாப் போகணும்னு எப்படிடி துஆ கேக்கறது?" என்று அவர் கையை உதறினார். ஆபீசில் நான் சாருடன் பேசவில்லை. அவருடைய கெர்னல் இருக்கிற பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் மேஜையில் இருந்த ஜாடிச் செடியை வித்யாவுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் தாண்டியது. பெட்டி சாகவில்லை.

"அக்கா, நெஜமா தொடலையே?"

"தொடலீங்க சாமி. முன்னாடி போய் நின்னு கும்புட்டு மட்டும் வாரேன். அதுக்கும் வேண்டாங்கறீங்களா?"

மாரியாத்தா என் வேலையைப் பறித்துவிடுவாள் போலிருந்தது. அப்புறம் வித்யாதான், "லூசு, நாலு நாளா கோடை மழை பெஞ்சுதேடி. சூடு ஏறலன்னா ஃபேன் எங்க மாறும்?" என்றாள். அவளைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தேன். செடி என்னிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அதற்கடுத்த நாள் மேகம் விலகி, வெயில் மண்டையைப் பிளந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

அடுத்த நாள் பன்னிரண்டு ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. அமுதவல்லி அக்காதான்.

"சாமி... செத்துப்போச்சுங்க."

"என்னக்கா சொல்றீங்க? சரியாப் பாத்தீங்களா?"

"உள்ள வேகுது. ஃபேனு ஒண்ணுதான் ஓடுது. திரையில நம்பரு அப்படியே நிக்குது. என்ன அமுக்குனாலும் அசையலீங்க." மூக்கை உறிஞ்சினாள். "நல்லா இருந்த பெட்டிங்க."

நான் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டேன். "செத்துப்போச்சு" என்று கத்திய கத்தலில், கீழே பல் டாக்டர் யாருக்கு என்னவோ என்று மறுபடி ஓடி வந்தார். வித்யா கை தட்டினாள். யார் வீட்டுச் சாவுக்கு இவர்கள் இப்படி ஆடுகிறார்கள் என்று டாக்டர் விழித்தார்.

பிரான்சிஸ் சார் தன் அறையிலிருந்து மெதுவாக வெளியே வந்தார். கையில் ஒரு மைசூர்பாகு பெட்டி. ரிப்பன் பிரிக்காமல் இருந்தது, அட்டை ஓரமெல்லாம் எண்ணெய் ஊறியிருந்தது.

"இது எப்ப சார் வாங்கினீங்க?" என்றேன் நாற்காலி மேலிருந்தபடியே.

"மல்லூர்ல. அன்னிக்கு நீ ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்த."

"அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்." அவர் தரையைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடியே தெரியும்மா. உன் செக் முதல் நாள் பீப் அடிச்சப்பவே அந்த வரியத் திறந்து பாத்துட்டேன். நான் எழுதுனதுதான். எடுத்திருக்கேன், வைக்கல. ஒரு வரி விட்டுப்போச்சு. பண்ணையில ஒரு பெட்டியும் நிக்கலையே, ஆபத்து இல்லன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். மூணு வருசமா என் கெர்னல் ஒழுகலன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். என் வாயால ஒத்துக்க வரல. பெட்டியே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் தூக்கம் இல்லாமல் கிடந்தேன். ஆனால் வரவில்லை. என் வாழ்க்கையில் கோபம் வர வேண்டிய இடத்தில் வராமல் போனது அன்றைக்குத்தான்.

"கெர்னலத் திறந்து பாரு" என்றார்.

நாற்காலியிலிருந்து குதித்துத் திறந்தேன். என் செக் உள்ளே இருந்தது. வெண்ணந்தூரிலிருந்து திரும்பிய அன்று மாலையே சேர்த்திருக்கிறார். விட்டுப்போன அந்த ஒரு வரியையும் எழுதியிருக்கிறார். பெட்டி ஓடத் தொடங்கும்போது திரையில் முதலில் வருகிற வரியில், மூன்று வருஷமாக அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. இப்போது அதற்குப் பக்கத்தில் நிகத் என்று இருந்தது. எழுத்தெல்லாம் எனக்கு மங்கலாகத் தெரிந்தது.

"புதுப் பெட்டி உன் செக்கோடதான் ஓடும். நீயும் எங்கயும் போகல" என்றார் சார். அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் சட்டைப் பையில் கோயில் மணி அடித்தது. மைசூர்பாகு பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு, நின்று, கண்ணை மூடிக்கொண்டார்.

என் கையில் போன் இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது. அதற்குள்ளிருந்து அமுதவல்லி அக்கா மெல்லக் கேட்டாள். "சாமி, மணி அடிக்குதுங்களே. இப்பவாச்சும் அதுக்கு ஓய்வு குடுக்கட்டுங்களா?"

"குடுங்கக்கா" என்றேன் கிசுகிசுப்பாக. சுவிட்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி சுவிட்ச் சத்தம், அப்புறம் ஃபேன்கள் ஒவ்வொன்றாக எழும்புகிற சத்தம். "பொழைச்சுக்கிச்சுங்க" என்றாள் அவள், பெத்த பிள்ளை பிழைத்த மாதிரி.

இந்தச் சந்தடியில் வித்யாவின் கை ரிப்பனை அவிழ்த்து, மூடியைத் தூக்கி, மைசூர்பாகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சாரின் கண் மூடித்தான் இருந்தது. உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது. அவருடைய இடது கை மட்டும் நிதானமாக வந்து, பெட்டி மேல் உட்கார்ந்தது. வித்யா அப்படியே உறைந்துபோனாள்.

செபத்தை முழுசாக முடித்து, நெற்றி நெஞ்சு தோள் எல்லாம் தொட்டுவிட்டு, பிறகுதான் அவர் கண் திறந்தார்.

"முதல்ல நிகத்துக்கு" என்றார். "வடை போனப்பவும் எனக்குத் தெரியும்."

மைசூர்பாகு கருங்கல்லாக இருந்தது. நான் மூன்று தின்றேன்.